எந்த நீரில் எந்தக் கொசு?

கொசு என்னும் ஒரே சொல்லால் நாம் எல்லாவற்றையும் குறிப்பிட்டுவிடுகிறோம். காதருகே ரீங்காரமிடுவது எதுவாயினும் அது கொசுதான். கையை ஓங்கி அடிப்பதற்கு அதற்கு மேல் விவரம் தேவைப்படுவதில்லை. ஆனால் நோயைத் தடுக்க முனைவோர்க்கு அந்த ஒரு சொல் போதாது. உலகில் 3,500-க்கும் மேற்பட்ட கொசு இனங்கள் உள்ளன. அவற்றுள் மனிதர்க்கு நோயைக் கொண்டுவருபவை சிலவே. அந்தச் சில இனங்களும் கண்ட கண்ட நீரில் முட்டையிடுவதில்லை. ஒவ்வொன்றும் தனக்கேற்ற நீரைத் தேடிச் செல்கிறது.

ஆகவே, எந்த நீரில் எந்தக் கொசு பிறக்கிறது என்பது தெரிந்தால்தான் வீண் உழைப்பும் வீண் செலவும் இன்றி நோயைத் தடுக்க இயலும். அண்மைக் காலத்தில் அறிவியலார், கொசுவையோ அதன் புழுவையோ பிடிக்காமலே, சிறிதளவு நீரை மட்டும் சோதித்து அதில் வாழ்ந்த கொசுவின் இனத்தைச் சொல்லும் முறையொன்றை வகுத்துள்ளனர். சுற்றுச்சூழல் டி.என்.ஏ. சோதனை என்று அதனை அழைக்கின்றனர். அம்முறை யாது, தோட்டத்து மக்களாகிய நமக்கு அதனால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு காலைப்பொழுதில் ஆறு வகை நீர்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் வழியிலுள்ள தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். அருகே லங்காட் ஆறு ஓடுகிறது. பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு. கடலை ஒட்டிய தாழ்நிலம் அது. பால்மரம் நின்ற இடங்களில் பின்னர்ச் செம்பனை வந்தது, தொழிற்பேட்டைகளும் வந்தன. மரம் மாறியதேயன்றித் தாழ்நிலத்தின் நீர் மாறவில்லை. இத்தகைய கரையோரத்தில் ஒருவர் காலையில் சைக்கிளில் புறப்பட்டால், வெயில் ஏறுவதற்குள் ஐந்தாறு வகை நீரைப் பார்த்துவிட முடியும்.

ஆற்றோரத்து நீப்பா பனையின் மட்டைக்கும் தண்டுக்கும் இடையே மழைநீர் தேங்கி நிற்கும். அனோபிலிஸ் ஹாக்கெரி என்னும் கொசு விரும்பும் இடம் அது. மரநிழல் படிந்து, இலை ஊறித் தேநீர் நிறத்தில் கிடக்கும் அல்லூர் நீரில் அனோபிலிஸ் லெட்டிஃபர் வளரும். கடல்நீரும் மழைநீரும் கலந்து உவர்ப்பாகி, வெயில் படக் கிடக்கும் குட்டை அனோபிலிஸ் சுண்டைக்கஸ் இனத்துக்கு உரியது. நீர்ச்செடிகள் மண்டிய சதுப்பில் யானைக்கால் நோயைப் பரப்பும் மன்சோனியா வளர்கிறது. லயத்துக்குப் பின்னாலுள்ள அழுக்கு நீர்க் கானில் கியூலெக்ஸ் இருக்கும். வீட்டு வாசலில் கிடக்கும் டின், குளியலறைத் தொட்டி, பூச்சட்டித் தட்டு, மரத்தில் கட்டிய மங்கு ஆகியவற்றில் தேங்கும் நீர் டிங்கிக் காய்ச்சலைக் கொண்டுவரும் ஏடிஸ் கொசுவின் பங்கு.

ஆறு வகை நீருக்கும் ஒரே மருந்து, ஒரே வேலை என்று இறங்கினால் என்ன ஆகும்? இதற்கு நம் கிள்ளான் மண்ணிலேயே நூற்றாண்டுக்கு முன் விடை கிடைத்திருக்கிறது.

கிள்ளான் கற்றுக்கொடுத்த பாடம்

மலேரியாக் காய்ச்சலைக் கொசுவே பரப்புகிறது என்பதற்கான சான்றை டாக்டர் ரொனால்ட் ரோஸ் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டார். நான்கே ஆண்டுகளில் அந்த உண்மை நம் கரையில் சோதனைக்கு வந்தது. 1901-இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பணியேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், ஊரே காய்ச்சலில் படுத்திருக்கக் கண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சல் புகுந்தது. 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாற்றம் பெற்ற துறைமுகம் அதுவே.

வாட்சன் சதுப்பை வடித்தார், காட்டை வெட்டினார், துறைமுகத்தில் கடல்நீர் ஏறாதவாறு கரை கட்டச் செய்தார். இவ்விரு ஊர்களிலும் 1901-இல் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். அடுத்த ஆண்டில் அத்தொகை 59 ஆகக் குறைந்தது. 1905-இல் 45 ஆயிற்று. மருந்துப் புட்டியால் அன்றி மண்வெட்டியால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் இவை. மண்வெட்டி பிடித்த கைகள் யாருடையவை என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. மேட்டு நிலத்தில் பால்மரத் தோட்டங்கள் திறக்கப்பட்டபோது, கரையோரத்தில் வெற்றி தந்த அதே முறையை அங்கும் செய்தனர். காட்டை வெட்டி, குன்றடி ஓடைகளைச் சீராகத் திறந்துவிட்டனர். காய்ச்சல் குறையவில்லை, கூடிற்று! காரணம், மலைச்சாரலில் நோயைப் பரப்பிய கொசு வேறு. அனோபிலிஸ் மாகுலாட்டஸ் என்னும் அந்த இனம், வெயில் படும் தெளிந்த ஊற்று நீரையே நாடுவது. நிழலை நீக்கி ஓடையைத் துப்புரவு செய்தவர்கள், தாம் அறியாமலே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்துவிட்டனர். பின்னரே அங்கு நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே செலுத்தவும், ஓடைகளில் எண்ணெய் தெளிக்கவும் தொடங்கினர். இனத்துக்கு ஏற்ற வேலை என்னும் இக்கொள்கையை டச்சு அறிவியலார் சுவெல்லன்கிரேபல் கிழக்கிந்தியத் தீவுகளில் விரிவாக வளர்த்தார்.

இன்னொரு செய்தியும் உண்டு. கரையோரத்துக் காய்ச்சலுக்குக் காரணம் என்று வாட்சன் காலத்தவர் கருதிய கொசுவுக்கு அனோபிலிஸ் அம்ப்ரோசஸ் என்று பெயர். அந்த ஒரு பெயருக்குள் பார்வைக்கு ஒத்திருக்கும் வெவ்வேறு இனங்கள் மறைந்திருந்தன. அவற்றுள் ஒன்றை 1944-இல் டாக்டர் ஏ. ஏ. சந்தோஷம் பிரித்தறிந்து லெட்டிஃபர் என்று பெயரிட்டார். மனிதரைக் கடித்து மலேரியாவைத் தருவது லெட்டிஃபர். அம்ப்ரோசஸ் உடலில் காணப்பட்ட நோய்க்கிருமியோ, பெரும்பாலும் சருகுமானுக்கு உரியது என்று 1960-களில் நடந்த ஆய்வுகள் காட்டின. உருவம் ஒன்றுபோல் இருக்க, ஒன்று மனிதருக்குப் பகை; மற்றொன்று சருகுமானோடு போய்விடுகிறது. கண்ணை மட்டும் நம்பினால் இரண்டுக்கும் ஒரே தண்டனை கொடுத்துவிடுவோம்.

இப்பிரச்சினை பழங்கதையாகிவிடவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் நம் நாட்டில் உள்ளூர்த் தொற்றாகப் பதிவாகவில்லை. ஆயினும் குரங்கிடமிருந்து வரும் நோல்சி மலேரியா, அதே 2018-இல் 4,131 பேரைப் பீடித்தது. இந்நோய்க்கிருமியைச் சுமக்கும் கொசுவாக முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது, நாம் மேலே சொன்ன நீப்பா மட்டைக் கொசுவான ஹாக்கெரிதான். சிலாங்கூரின் ரந்தாவ் பாஞ்சாங்கில் பிடிக்கப்பட்ட கொசுக்களைக் கொண்டு 1961-இல் அது வெளியிடப்பட்டது. ஹாக்கெரி குரங்கை நாடுமே தவிர மனிதரை அவ்வளவாக நாடாது. மனிதருக்கு இந்நோயைத் தருபவை அதன் உறவினங்கள்: பகாங்கில் ஒன்று, சபாவில் ஒன்று, சரவாக்கில் ஒன்று, உலு சிலாங்கூரில் அனோபிலிஸ் இன்ட்ரோலாட்டஸ் என்று இன்னொன்று. இவை அனைத்தும் அக்காள் தங்கைபோல் ஒத்த தோற்றமுடையவை. காட்டோரத்தில் மரம் சீவுவோரும் செம்பனைக் குலை வெட்டுவோரும் கருத்தில் கொள்ள வேண்டிய கொசுக்கள் இவையே.

புழுவைத் தேடும் பழைய முறை

இதுவரை கொசுவின் இனத்தை எப்படி அறிந்தார்கள்? சுகாதார ஊழியர் நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையால் நீரை மொள்வார். புழு இருந்தால் புட்டியில் இட்டு எடுத்துச் செல்வார். அதனைச் சில நாள் வளர்த்தோ, நுண்ணோக்கியின் கீழ் வைத்து அதன் உடலிலுள்ள மயிர்களை எண்ணியோ இனத்தைத் தீர்மானிப்பர். இவ்வேலையில் தேர்ந்தவர்களை நாம் வணங்கத்தான் வேண்டும். ஒரு புழுவின் தோளிலுள்ள மயிர் கிளைத்திருக்கிறதா இல்லையா என்று பார்க்க மணிக்கணக்கில் குனிந்திருப்பது எளிய தொண்டன்று.

ஆயினும் இம்முறையில் இடர்கள் சில உள்ளன. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த புழு மிகச் சிறியது. இனம் காண்பது அரிது. அகப்பை நீரைத் தொட்ட மாத்திரத்தில் புழுக்கள் அடியில் ஒளிந்துகொள்ளும். மன்சோனியாவின் புழுவோ மேற்பரப்புக்கே வருவதில்லை. நீர்ச்செடியின் வேரில் தன் மூச்சுக்குழலைக் குத்திக்கொண்டு அங்கேயே சுவாசித்துக் கிடக்கும். நூறு முறை அகப்பையை அமிழ்த்தினாலும் அது அகப்படாமல் போகலாம். நோல்சி மலேரியாவைப் பரப்பும் கொசுக்களோ காட்டு நிழலில், விலங்குகளின் குளம்படியிலும் லாரிச் சக்கரத் தடத்திலும் தேங்கும் நீரில் பிறக்கின்றன. இன்று இருக்கும் குட்டை நாளை இராது.

நீர் எவ்வாறு சாட்சி சொல்கிறது?

கொசுப்புழு நீரில் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. உண்கிறது, கழிக்கிறது, வளரும்தோறும் தோலை உரிக்கிறது. சில புழுக்கள் அங்கேயே இறந்து அழுகிப் போகின்றன. இவ்வாறு அதன் உடலிலிருந்து கழன்ற நுண்துகள்கள் நீரில் கலந்துவிடுகின்றன. அத்துகள்களில் டி.என்.ஏ. எனப்படும் மரபுப்பொருள் இருக்கிறது. நான்கே நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட மிக நீண்ட ஏட்டுக்கு அதனை ஒப்பிடலாம். தாய் தந்தையரிடமிருந்து வழிவழியாக வரும் ஏடு அது. ஓர் இனத்தின் ஏட்டிலுள்ள சில வரிகள் மற்றோர் இனத்தின் ஏட்டிலிருந்து மாறுபட்டிருக்கும். சுமார் 650 எழுத்துகள் கொண்ட ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் படித்தே விலங்கினங்களைப் பிரித்தறியலாம் என்று கனடாவின் பேராசிரியர் பால் ஹெபர்ட் 2003-இல் எடுத்துக்காட்டினார்.

சோதனை இவ்வாறு நடைபெறுகிறது. புழு இருக்கக்கூடும் என்று ஐயப்படும் நீரில் சிறிதளவைத் தூய புட்டியில் எடுப்பர். மிக நுண்ணிய துளைகளுள்ள வடிதாளில் அதனை வடிப்பர். அல்லது சாராயம் சேர்த்து மரபுப்பொருளை அடியில் படியச் செய்வர். அந்தப் படிவிலுள்ளது மிக மிகக் குறைவு. ஆகவே அதனைப் பெருக்க வேண்டும். 1983-இல் அமெரிக்க அறிவியலார் கேரி முல்லிஸ் கண்ட பி.சி.ஆர். என்னும் முறை இதற்குப் பயன்படுகிறது. 2020-இல் கொரோனா பரவியபோது மூக்கில் குச்சியை நுழைத்து எடுத்த சோதனையை எவரும் மறந்திருக்க முடியாது. அங்கே சளியில் கிருமியைத் தேடியது பி.சி.ஆர். இங்கே நீரில் கொசுவைத் தேடுவதும் அதுவே.

கரும்பலகையின் முன் நின்ற பழக்கம் நம்மை இன்னும் விட்டுப் போகவில்லை. ஆதலால் ஒரு சிறு கணக்கு. பி.சி.ஆர். முறையில் ஒவ்வொரு சுற்றிலும் மரபுப்பொருள் இரட்டிப்பாகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். பத்தாம் சுற்றில் 1,024. இருபதாம் சுற்றில் பத்து லட்சத்துக்கு மேல். முப்பதாம் சுற்றில் எவ்வளவு? பிள்ளைகளிடம் காகிதமும் பென்சிலும் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். விடை 107 கோடியைத் தாண்டும். ஒரே ஒரு துணுக்கு நீரில் இருந்தாலும் கருவி அதனைக் காணும் அளவுக்குப் பெருகிவிடுவது இதனால்தான்.

எந்த இனத்தைத் தேடுகிறோமோ அந்த இனத்தின் வரிகளுடன் மட்டும் ஒட்டிக்கொள்ளும் சிறு துண்டுகளைச் சோதனையில் சேர்ப்பர். அந்த இனம் நீரில் வாழ்ந்திருந்தால் பெருக்கம் நிகழும், இல்லையேல் நிகழாது. எல்லா இனங்களையும் ஒரே நேரத்தில் படித்துப் பட்டியலிடும் முறையும் உண்டு. அதற்குச் செலவு அதிகம்.

இதுவரை எங்கே செய்தார்கள்?

குளத்து நீரைக் கொண்டு அதில் வாழும் விலங்கை அறியலாம் என்பதை 2008-இல் பிரான்சு நாட்டில் ஒரு தவளையை வைத்து மெய்ப்பித்தனர். அமெரிக்காவிலிருந்து வந்து அங்குள்ள குளங்களில் புகுந்துவிட்ட பெருந்தவளை அது. அதன் பிறகு மீன், நத்தை என்று பலவற்றுக்கும் இம்முறை பரவியது.

கொசுவுக்கு இம்முறையைப் பயன்படுத்திய ஆய்வு 2016-இல் ஐரோப்பாவில் வெளிவந்தது. வெளியிலிருந்து வந்து அங்கே குடியேறிய மூன்று ஏடிஸ் இனங்களை நீர் மாதிரிகளிலிருந்தே கண்டறிந்தனர். அம்மூன்றில் ஒன்று நமக்கு மிகவும் பழக்கமானது. கறுப்பு உடலும் வெள்ளைக் கோடுகளும் கொண்டு, பட்டப்பகலில் பால்மரக் காட்டில் நம் முழங்கையைக் கடிக்கும் ஏடிஸ் அல்போபிக்டஸ்தான் அது. ஆசியாவுக்குரிய இக்கொசுவின் முட்டைகள் பழைய டயர்களில் ஒட்டிக்கொண்டு கப்பலேறின. 1979-இல் அல்பேனியாவிலும், 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலும், 1990-இல் இத்தாலியிலும் இக்கொசு காணப்பட்டது. பால்மரத்திலிருந்து டயர் பிறக்கிறது. பால்மரக் காட்டுக் கொசுவோ டயரில் ஏறி உலகம் சுற்றுகிறது. இயற்கைக்கும் நகைச்சுவை உண்டு போலும்!

2018-இல் கென்யாவில் செய்த ஆய்வொன்று, ஆப்பிரிக்காவின் கொடிய மலேரியாக் கொசுவின் புழுக்களைத் தொட்டிகளில் இட்டு, நீரிலிருந்தே அவற்றை அறிய முடிவதைக் காட்டிற்று. பின்னர் அனோபிலிஸ் ஸ்டெஃபன்சி, ஏடிஸ் எஜிப்டி என்னும் இரு இனங்களைக் கொண்டு லண்டன் ஆய்வாளர்கள் நடத்திய சோதனை 2023-இல் வெளியாயிற்று.

ஸ்டெஃபன்சி என்ற பெயரைத் தமிழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். சென்னை போன்ற நகரங்களில் கிணறுகளிலும் வீட்டு மேல்தொட்டிகளிலும் வளர்ந்து மலேரியாவைப் பரப்பிவரும் கொசு அது. இலங்கையில் மலேரியா அறவே ஒழிந்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் சான்றளித்தது. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள், அவ்வாண்டின் இறுதியிலேயே மன்னார்த் தீவின் கிணறுகளில் இக்கொசுவின் புழுக்கள் கிடைத்தன. அதற்கு முன் அந்நாட்டில் இவ்வினம் பதிவானதில்லை. புழுக்களைப் பிடித்து, உருவத்தாலும் டி.என்.ஏ.வாலும் இனத்தை உறுதி செய்தனர். அடுத்துச் சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது. கிணறுதோறும் இறங்கிப் புழுவைத் தேட ஓர் ஊரில் எத்தனை ஊழியர்கள் இருப்பார்கள்? ஒரு புட்டி நீரை மொண்டு அனுப்பினால் போதும் என்னும் நிலை வருமாயின், அந்நியக் கொசு காலூன்றுவதற்கு முன்னரே கண்டுகொள்ளலாம். அறிஞர்கள் இம்முறையில் ஊக்கம் காட்டுவதற்கு இதுவே பெருங்காரணம்.

நம் நாட்டில் ஏடிஸ் கண்காணிப்பு, வீடு வீடாகச் சென்று புழு தேடுவதையும் முட்டைப் பொறிகள் வைப்பதையுமே பெரிதும் சார்ந்துள்ளது. நீர்ச் சோதனை அன்றாட வழக்கமாகிவிடவில்லை.

சாட்சி சொல்லாதவை

எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்பது முறையன்று. நீரும் அதற்கு விலக்கில்லை.

முதலாவதாக, நீரில் கலந்த மரபுப்பொருள் நெடுநாள் நிலைப்பதில்லை. வெப்பமும் வெயிலும் நுண்ணுயிர்களும் அதனைச் சிதைக்கின்றன. குளிர்நாட்டுக் குளத்தில் வாரக்கணக்கில் தங்குவது, நம் நாட்டு வெயிலில் அவ்வளவு காலம் தங்கும் என்று எதிர்பார்க்க இயலாது. ஓடும் நீரில் அது அடித்துச் செல்லப்படும். மேலே எங்கோ வளர்ந்த புழுவின் துணுக்கு கீழே வேறிடத்தில் அகப்படும். இலை ஊறிய பழுப்பு நீரில் உள்ள துவர்ப்புப் பொருள் பி.சி.ஆர். வினையையே தடுக்கும். நம் கரையோர அல்லூர்களின் நீர் பெரும்பாலும் அத்தகையது. அங்கே 'இல்லை' என்று விடை வந்தால், கொசு இல்லையா, அல்லது சோதனை நடக்கவில்லையா என்று மீண்டும் கேட்க வேண்டும்.

அடுத்து, உயிரோடிருக்கும் புழுவுக்கும் செத்த புழுவுக்கும் இச்சோதனை வேறுபாடு காணாது. நேற்று மருந்திட்டுக் கொன்ற புழுவும் இன்று நீரில் தன் பெயரை எழுதிவைத்திருக்கும். எத்தனை கொசுக்கள் பறந்து வந்து கடிக்கும் என்றும் அது சொல்லாது. புழுவின் இனத்தைத் தேடும் இச்சோதனை, ஊரில் டிங்கிக் கிருமி நடமாடுகிறதா என்பதையும் காட்டாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, காலம் தேவை. ஏடிஸ் முட்டை பொரித்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். புட்டி தோட்டத்திலிருந்து ஆய்வுக்கூடம் சென்று, முறை வந்து, விடை திரும்பும்போது கொசு பறந்து போயிருக்கும்.

மங்குக்குச் சோதனை எதற்கு?

இங்கேதான் நாம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். புதிய அறிவியல் வந்துவிட்டது, அதிகாரிகள் வந்து நீரைச் சோதிப்பார்கள், அதுவரை காத்திருக்கலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. கையால் கவிழ்க்கக்கூடிய நீருக்கு எந்தச் சோதனையும் வேண்டியதில்லை. அதில் எந்தக் கொசு இருந்தால் என்ன? கவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது. இச்சோதனை பயன்படுவது கவிழ்க்க முடியாத நீருக்கே. சதுப்பு, அல்லூர், கிணறு, காட்டுக் குட்டை ஆகியவற்றில் எதனை வடிப்பது, எதனை மூடுவது, எங்கே மருந்திடுவது, எதனைத் தொடாமல் விடுவது என்று முடிவெடுக்க இனத்தை அறிவது இன்றியமையாதது.

மரம் சீவுவோர் ஒருவரின் பொறுப்பில் ஐந்நூறு, அறுநூறு மரங்கள் இருக்கலாம். மரத்துக்கு ஒரு மங்கு. சீவும் நாளில் மங்கில் பால் இறங்கும், எடுக்கப்படும்; கொசுவுக்கு அங்கே இடமில்லை. ஆபத்து, சீவாத நாளில்தான் இருக்கிறது. தொடர் மழையால் வேலை நின்றபோதும், இலையுதிர் காலத்தில் மரத்துக்கு ஓய்வு தரும்போதும், ஆள் பற்றாக்குறையால் சில நிரைகள் கைவிடப்படும்போதும் மங்குகள் வாயைத் திறந்தபடி நிற்கின்றன. ஒரு மழை போதும். நூற்றுக்கு இரண்டு மங்கில் மட்டும் புழு இருந்தாலும் ஒருவரின் நிரைகளில் பத்துப் பன்னிரண்டு கொசுத் தொட்டில்கள் ஆகிவிடும். அவற்றில் வளர்வது பெரும்பாலும் அல்போபிக்டஸ்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. கேரள மாநிலத்தில் 2006, 2007-ஆம் ஆண்டுகளில் சிக்குன்குன்யாக் காய்ச்சல் பெருவாரியாகப் பரவியபோது, பால்மரத் தோட்டங்களின் மங்குகளில் தேங்கிய மழைநீரே அக்கொசுவின் முக்கிய வளர்ப்பிடங்களுள் ஒன்றாகக் காணப்பட்டது. நம் நாட்டில் அக்காய்ச்சல் முதன்முதலாகப் பரவிய இடம் போர்ட் கிள்ளான். 1998-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1999-இன் தொடக்கத்திலும் அது நிகழ்ந்தது. மூட்டுகள் வீங்கி, கத்தியைப் பிடிக்க விரல் மடங்காமல் வாரக்கணக்கில் வீட்டில் கிடப்பது நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு என்ன பொருள் என்பதை விளக்க வேண்டுமா?

ஆகவே, சீவாத நாள்களில் மங்கைக் கம்பியிலிருந்து எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். உடைந்த மங்குகளை மரத்தடியில் போடாதீர்கள், புதைத்துவிடுங்கள். வீட்டுத் தொட்டியை வாரம் ஒருமுறை காலிசெய்யும்போது, நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு நீரின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நீர் திரும்ப ஏறியதும் பொரிக்கும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசுப்புழு வளர இடமளிப்பது குற்றமாகும். தோட்ட நிருவாகமும் இதற்கு விலக்கன்று. கைவிடப்பட்ட நிரைகளில் மங்குகள் திறந்து கிடந்தால், பிரட்டு நேரத்தில் கங்காணியிடமோ, தொழிற்சங்கத் தலைவர் வழியாகவோ அதனை எடுத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

நீர் எடுக்க வந்தால்

ஆய்வாளர்கள் உங்கள் தோட்டத்துக்கும் ஒருநாள் புட்டியோடு வரக்கூடும். அப்போது உதவி செய்ய விரும்பும் அன்பர்கள் சிலவற்றை நினைவில் கொள்ளல் நலம். அவர்கள் நீர் எடுப்பதற்கு முன் அதில் கையையோ காலையோ விட வேண்டாம். வேறு கிணற்றில் இறங்கிய வாளியை இந்தக் கிணற்றில் இறக்க வேண்டாம். ஒரு துளி போதும், அங்கிருந்த கொசுவின் துணுக்கு இங்கே வந்து பொய்ச்சாட்சி சொல்லும். எடுத்த புட்டியை வெயிலில் வைக்காமல் பனிக்கட்டிப் பெட்டியில் வைக்க அவர்கள் சொல்வது வீண் சடங்கன்று. அருகில் குரங்குகள் வருகின்றனவா, எந்தக் குட்டை எத்தனை நாளில் வற்றுகிறது, எந்த அல்லூரில் கடல்நீர் ஏறுகிறது என்பன உங்களுக்கே நன்கு தெரியும், தயங்காமல் கூறுங்கள். அந்த நீரில் கடைசியாக எப்போது அபேட் மருந்து போடப்பட்டது, எப்போது புகை அடிக்கப்பட்டது என்பதையும் கேட்பார்கள். தோட்டத்து டிரெசரிடம் சொல்லி, மருந்திடும் நாளையும் இடத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இப்போதிருந்தே குறித்து வரச் செய்யலாம்.